சி.ஆர்.பி. நார்மல் என்று பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்

தம்பி, தக்கலையிலிருந்து எழுதியிருந்தீர்கள். 5 நாள் பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடக்கிறது, காய்ச்சல் இல்லை, சி.ஆர்.பி.யும் (கிருமித் தொற்று இருந்தால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதத்தின் அளவு) நார்மல், ஆனாலும் ஆன்டிபயாடிக் ஊசி போடுகிறார்கள், எழுதிக்கொடுத்து வீட்டுக்குப் போகலாமா என்று. தயவுசெய்து போகாதீர்கள்.

பச்சிளம் குழந்தைகள் வார்டில் பல வருடம் நர்ஸாக இருந்தவள் நான். ரத்தத்தில் கிருமி ஏறிய உடனே சி.ஆர்.பி. உயராது, 6 முதல் 12 மணி நேரம் ஆகும். அதனால்தான் மறுநாள் திரும்பவும் பார்ப்பார்கள்.

நம்ப வேண்டியது பிளட் கல்ச்சரைத்தான், அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையை. கிருமிநாசினி தடவி, அது காயும்வரை பொறுத்து, நூல் மாதிரி இருக்கும் நரம்பிலிருந்து 1 மில்லி ரத்தம் எடுப்போம். அளவு குறைந்தால் கிருமி இருந்தும் சிக்காமல் போகலாம். பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வளர்ந்து காட்டிவிடும். எந்த மருந்து கேட்கும் என்று தெரிய இன்னும் ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். அதுவரை ஊசியைத் தள்ளிப்போட முடியாது, சில மணி நேரத்திலேயே பிள்ளையின் நிலை மோசமாகலாம். கல்ச்சரில் ஒன்றும் வளராமல் பிள்ளையும் தெளிந்துவிட்டால், ஊசியை நிறுத்தலாமா என்று டாக்டரிடம் தாராளமாகக் கேளுங்கள்.

காய்ச்சல் இல்லையே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். இந்த வயதில் உடம்பு சில்லிடுவதும் ஆபத்துதான். வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் குளிர்ந்திருந்தாலோ, மூச்சு நிமிடத்துக்கு 60ஐத் தாண்டினாலோ உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். அப்புறம், பெரியவர்கள் உரைமருந்து கொடுக்கச் சொன்னால் வேண்டாம் தம்பி.

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு மாற்றச் சொன்னால் 108இல் போங்கள், ஆட்டோவில் வேண்டாம். கல்ச்சர் எடுத்த தேதியையும் நேரத்தையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.