சுயக்கட்டுப்பாட்டை எப்படி அளப்பது?

கேள்வி: பள்ளி மாணவர்களுக்கு 800, 1500 மீட்டர் ஓட்டப் பயிற்சி தருகிறேன். மாவட்டப் போட்டிக்கு ஆள் எடுக்கும்போது, இரண்டு பேர் ஒரே அளவில் ஓடினால் கட்டுப்பாடு அதிகம் உள்ளவரை எடுக்க நினைக்கிறேன். அதை அளக்கக் கேள்வித்தாள் ஏதாவது உண்டா? (உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்)

பதில்: உண்டு சார். ஆனால் ஆள் எடுப்பதற்கு அது வேண்டாம். டாங்னி, பாமைஸ்டர், பூன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் 2004-இல் வெளியிட்ட சுயக்கட்டுப்பாட்டு அளவுகோலின் சுருக்க வடிவில் 13 வாக்கியங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மாணவரே 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுக்கொள்வார். ஆய்வுக்கு நல்ல கருவிதான். டீமில் இடம் கிடைப்பது இந்தத் தாளைப் பொறுத்தது என்று தெரிந்துவிட்டால், பதினைந்து வயதுப் பிள்ளை என்ன எழுதும்? தன்னிடமே கறாராக இருக்கும் பிள்ளை குறைத்துப் போட்டுக்கொள்வதும் நடக்கும்.

அதனால் பிள்ளைகள் சொல்வதை விட்டுவிட்டுச் செய்வதைப் பாருங்கள். நீங்கள் கொடுத்த பயிற்சிக்கும் அவர்கள் செய்ததற்கும் உள்ள இடைவெளிதான் அளவு. 400 மீட்டர் ஆறு முறை, ஒவ்வொன்றும் 76 விநாடி என்கிறீர்கள். முதல் சுற்றை 69-இல் ஓடிவிட்டு, கடைசிச் சுற்றில் 84-க்குப் போகிறவரிடம் வேகம் இருக்கிறது, கட்டுப்பாடு இல்லை.

இதைவிட, லேசான பயிற்சி நாள்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்க உடற்பயிற்சி அறிவியலாளரின் முறை எளிமையானது. பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, 'எவ்வளவு கஷ்டமாக இருந்தது?' என்று 0 முதல் 10 வரை கேட்க வேண்டும். அந்த எண்ணைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்க வேண்டும். 40 நிமிடம், கஷ்டம் 3 என்று நீங்கள் திட்டமிட்டால் 120. மாணவர் 6 என்றால் 240 ஆகிவிடும். 2001-இல் அவர் குழு ஒப்பிட்டபோது, பயிற்சியாளர் லேசாக வைத்த நாளில் வீரர்கள் கூடுதலாகவும், கடினமாக வைத்த நாளில் குறைவாகவும் உழைத்தது தெரிந்தது. நம் ஊரில் கூடுதலாக ஓடும் பையனைப் பாராட்டித்தான் பழக்கம். என் கணக்கில் அதுவும் இடைவெளிதான்.

வருகைப் பதிவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். முதல் பஸ்ஸைத் தவறவிட்டவர், தேர்வுக்குப் படித்தவர், மாதவிடாய் வலியில் இருந்தவர் எல்லாரும் பதிவேட்டில் ஒரே 'ஆப்சென்ட்'தான். காரணத்தையும் எழுதுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று சுணங்கினால், ரத்தசோகை இருக்கிறதா என்று முதலில் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், இந்த எண்களைச் சுவரில் ஒட்டாதீர்கள், இவற்றுக்காகத் திட்டவும் வேண்டாம். ஒரு முறை திட்டினால் போதும், அடுத்த நாளிலிருந்து எல்லாரும் நீங்கள் எதிர்பார்க்கும் எண்ணையே சொல்வார்கள். நான்கு வாரமாவது எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதற்குள் போட்டி வந்துவிட்டால், பேசாமல் இரண்டு பேரையும் ஒன்றாக ஓடவிட்டு, முந்துபவரை எடுங்கள்.