பாடத்தில் இருக்கும் சத்து உடம்பில் ஏறவில்லையே, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 20. கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் ஒரு கிராமம். கோவையில் ஒரு கல்லூரியில் உணவியலும் ஊட்டச்சத்தும் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். கல்லூரியில் நடந்த முகாமில் ஹீமோகுளோபின் 9.2 என்று வந்தது. இரும்புச்சத்துப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவள் என்பதால் தோழிகள் கேலி செய்கிறார்கள். மூன்று மாதம் பீட்ரூட் சாறும் பேரீச்சம்பழமும் சாப்பிட்டேன். மறுபடி பார்த்தால் 9.4தான். பஸ்ஸில் குமட்டும் என்பதால் காலையில் டீ மட்டும் குடித்துவிட்டுக் கிளம்புவேன். பதினொரு மணிக்கு கேன்டீனில் பஃப்ஸும் டீயும். மதியம் அம்மா கட்டிக்கொடுக்கும் சோறு, குழம்பு, கீரை அல்லது பொரியல், அது முடிந்ததும் ஒரு டீ. மாலையில் பஸ் நிலையத்தில் பரோட்டா அல்லது பஜ்ஜி, டீ. இரவு தோசை. வாரத்தில் ஒரு நாள் மீன். எங்கள் துறை சார்பில் மாணவர்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தோம். சத்துணவுக் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் எழுதியவர்களிலும் பலர் காலையில் சாப்பிடுவதே இல்லை. எல்லாம் தெரிந்தும் ஏன் இப்படி? மாத்திரை இல்லாமல் உணவாலேயே என் இரத்தசோகையைச் சரிசெய்ய முடியுமா? பின்குறிப்பு: சில மாதங்களாகப் பச்சரிசியை மென்றுகொண்டே இருக்கிறேன். அம்மா திட்டுகிறார்.

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது அந்தப் பின்குறிப்புதான். அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்று அம்மா திட்டியிருப்பார். மழை கிடக்கட்டும். பச்சரிசி, சாம்பல், செங்கல் தூள், ஐஸ் கட்டி என்று உணவல்லாத ஒன்றை உடம்பு விடாமல் கேட்டால், இரும்புச்சத்து தீர்ந்துபோயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரிசி தின்பதால் இரத்தம் குறைகிறது என்று ஊரில் சொல்வார்கள். பெரும்பாலும் இரத்தம் குறைந்ததால்தான் அரிசி தின்னத் தோன்றுகிறது. இரும்புச்சத்து ஏறத் தொடங்கினால் அந்த ஆசை தானாகவே விட்டுப்போவதைப் பார்க்கலாம்.

மாத்திரை இல்லாமல் முடியுமா என்ற கேள்விக்கு நேரடியாகச் சொல்கிறேன்: முடியாது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 11க்குக் கீழே இறங்கி 8 வரை இருந்தால் அது நடுத்தர இரத்தசோகை. நீங்கள் அந்த வரிசையில் இருக்கிறீர்கள். இந்த நிலையில் உணவு துணைக்கு வரும், தனியாகத் தூக்கி நிறுத்தாது.

பீட்ரூட் கணக்கை நீங்களே போட்டுப் பார்த்திருக்கலாம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணை உங்கள் பையிலேயே இருக்கும். நூறு கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. ஐந்து பேரீச்சம்பழத்திலும் சொற்பம்தான். உங்கள் வயதுப் பெண்ணுக்கு 2020ஆம் ஆண்டின் இந்தியப் பரிந்துரைப்படி நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் தேவை. அதிலும் தாவர உணவிலிருந்து வரும் இரும்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பெரும்பாலும் உடம்பில் சேர்கிறது. சாறு சிவப்பாக இருக்கிறது, இரத்தமும் சிவப்பாக இருக்கிறது என்பதைத் தவிர பீட்ரூட்டுக்கும் இரத்தசோகைக்கும் பெரிய உறவு கிடையாது. இதே வகையில் இன்னொரு செய்தியும் கைப்பேசியில் சுற்றுகிறது. பழைய சோற்றில் ஒரே இரவில் இரும்புச்சத்து பல மடங்கு பெருகிவிடுமாம். அரிசியில் இல்லாத இரும்பு பானைக்குள் முளைக்காது. புளிப்பதால், இரும்பை உறிஞ்ச விடாமல் தடுக்கும் ஃபைட்டேட் கொஞ்சம் குறையும். அந்த அளவுக்கு நல்லதுதான். பழைய சோறு எனக்கும் பிடிக்கும், ஆனால் அதை மருந்தாக எழுதிக்கொடுக்க மாட்டேன்.

இனி உங்கள் டீயைப் பார்ப்போம். எழுந்ததும் ஒன்று, பஃப்ஸோடு ஒன்று, சாப்பாடு முடிந்ததும் ஒன்று, பரோட்டாவோடு ஒன்று. டீயில் இருக்கும் டானின், தாவர உணவின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு குடலில் உறிஞ்ச விடாமல் செய்துவிடும். நான்கில் மூன்று டீ உணவோடு ஒட்டியே வருகிறது. மதிய டீதான் மோசம். விடியற்காலையில் அம்மா எழுந்து ஆய்ந்து சமைத்த முருங்கைக்கீரையின் பலனில் பெரும் பங்கை அந்த ஒரு கோப்பை வாங்கிக்கொண்டுவிடுகிறது. டீயை விடச் சொல்லவில்லை, சொன்னாலும் நடக்காது என்று தெரியும். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். டீ இருந்த இடத்தில் ஒரு நெல்லிக்காய், கொய்யாத் துண்டு, அல்லது எலுமிச்சை பிழிந்த தண்ணீர் இருக்கட்டும். வைட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவும். முதலமடைத் தோப்புகளில் காய் இறங்கும் காலத்தில் பச்சை மாங்காய்க்கு உங்கள் ஊரில் பஞ்சமே இருக்காது.

எல்லாம் தெரிந்தும் ஏன் இப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். தேர்வுத்தாள் கீரையில் என்ன சத்து என்று கேட்கிறது. வேலந்தாவளம் வழியாகப் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதில்லை. நீங்கள் காலையில் சாப்பிடாமல் இருப்பதற்குக் காரணம் அறியாமையா? குமட்டல், அவ்வளவுதான். உங்கள் தோழிக்கு வேறு காரணம் இருக்கும். விடுதியில் காலை உணவு தொடங்கும் முன்பே ஆய்வக வகுப்பு இருக்கலாம், கையில் பணம் குறைவாக இருக்கலாம், இடுப்பு பெருத்துவிடும் என்ற பயம் இருக்கலாம். பதினொரு மணிக்குப் பசிக்கும்போது கேன்டீன் கண்ணாடிப் பெட்டியில் பஃப்ஸ் மட்டுமே இருந்தால், சுண்டலின் மகிமையை மனப்பாடமாகச் சொல்பவரும் பஃப்ஸைத்தான் தின்பார். அடுத்த முறை கருத்துக்கணிப்பு எடுக்கும்போது சத்துக்களைப் பற்றிய கேள்விகளில் பாதியை நீக்கிவிடுங்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம், பயண நேரம், கையில் இருக்கும் பணம், பதினொரு மணிக்குக் கிடைக்கும் பண்டம் ஆகியவற்றைக் கேளுங்கள். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறீர்களா என்று பெண்களிடம் கட்டாயம் கேளுங்கள். ஆண் பிள்ளைகளிடம், உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ சொன்ன புரதப் பொடிக்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று கேளுங்கள். 60 கிலோ எடையுள்ள இளைஞனுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 கிராம் புரதம் போதும். முட்டை, பயறு, மீன், தயிர் ஆகியவற்றிலேயே அது கிடைத்துவிடும்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் இரத்தசோகை உள்ளவர்கள் கேரளத்தில் 36.3 சதவீதம், தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். கேரளத்தில் உறங்கி, பகல் உணவைத் தமிழ்நாட்டில் சாப்பிடும் உங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. இரண்டுமே பெருமைப்படும் எண் அல்ல.

குமட்டலுக்கு வருகிறேன். வெறும் வயிற்றில் டீ குடித்துவிட்டு வளைவுகளில் ஆடிக்கொண்டு போனால் குமட்டல் கூடத்தான் செய்யும். கிளம்பும் முன் கட்டாயப்படுத்திச் சாப்பிட வேண்டாம். ஒரு வேக வைத்த நேந்திரம்பழத் துண்டு போதும், டீ வேண்டாம். ஜன்னலோரம், முன் பக்கமாக, கைப்பேசியைப் பார்க்காமல் உட்காருங்கள். உண்மையான காலை உணவைக் கல்லூரியில் இறங்கி, மணி அடிக்கும் முன் உள்ள பத்து நிமிடத்தில் சாப்பிடுங்கள். முந்தின இரவு ஊற வைத்து வேக வைத்த கொண்டைக்கடலை அல்லது முளைகட்டிய பயறு, கொள்ளுத் துவையல் தடவிய இரண்டு தோசை, அவித்த முட்டை, ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை என்று எது சிந்தாமல் டப்பாவில் வருமோ அது. அம்மாவுக்குக் கூடுதல் வேலை என்றால் இரவே நீங்கள் வேக வையுங்கள். வீட்டில் வேக வைத்த கஞ்சியும் பயறும் நம் பாலக்காட்டுப் பக்கத்துப் பழைய பழக்கம்தான். ஞாயிற்றுக்கிழமையாவது அது திரும்ப வரட்டும். மத்தி மீன் வாரம் ஒரு நாள் என்பதை இரண்டு நாளாக்கினால் நல்லது. மீனின் இரும்பு கீரையின் இரும்பைவிட எளிதாகச் சேரும், கூடவே இருக்கும் பயறின் இரும்பையும் சேர்த்து இழுக்கும். பரோட்டாவை மாதத்துக்கு ஓரிரு முறை, பசித்த வயிற்றுக்கு அல்லாமல் ஆசைக்காகச் சாப்பிடுங்கள்.

நீண்ட கடிதத்தில் மாதவிடாய் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. உங்கள் வயதில் இரும்பு வெளியேறும் பெரிய வழி அதுதான். ஏழு நாளுக்கு மேல் போகிறதா, நாப்கினை ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் மாற்ற வேண்டியிருக்கிறதா, பெரிய கட்டிகள் விழுகின்றனவா என்று பார்த்து, அருகில் உள்ள அரசு ஆரோக்கிய மையத்தில் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். முழு இரத்தப் பரிசோதனையும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். காய்ச்சல் இருக்கும் வாரத்தில் ஃபெரிட்டின் பார்க்க வேண்டாம், உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். வயலில் வெறுங்காலோடு நடப்பவரானால் குடலில் ஒட்டி இரத்தம் குடிக்கும் கொக்கிப்புழுவுக்கும் மருந்து தேவைப்படலாம்.

இரும்பு மாத்திரை அரசு மையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அழகான பாட்டிலில் விற்கும் டானிக்கைத் தேடிப் போக வேண்டாம். எவ்வளவு, தினமுமா, ஒருநாள் விட்டு ஒருநாளா என்பதை மருத்துவர் சொல்வார். சிலருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போடும்போது உறிஞ்சுதல் நன்றாக இருக்கும், வயிற்றுத் தொல்லையும் குறையும். பால், டீ, கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து விழுங்கக் கூடாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மாத்திரை தொடங்கும் முன்பே கறுப்பாகப் போயிருந்தால் அதை மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மலச்சிக்கல் வந்தால் தண்ணீரைக் கூட்டுங்கள். நான்கு வாரத்தில் மறுபடி பரிசோதித்தால் ஹீமோகுளோபின் ஒன்றிலிருந்து இரண்டு கிராம் வரை ஏறியிருக்க வேண்டும். 12 வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். உடம்பின் சேமிப்பு நிரம்ப அதற்கு மேலும் மூன்று மாதம் தேவை. பலர் இங்கேதான் மாத்திரையை விட்டுவிட்டு அடுத்த வருடம் அதே எண்ணோடு வருகிறார்கள்.

ஒழுங்காக விழுங்கியும் நான்கு வாரத்தில் எண் அசையவில்லை என்றால் மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. ஹீமோகுளோபின் எலக்ட்ரோஃபோரெசிஸ் என்ற பரிசோதனை செய்து, பரம்பரையாக வரும் இரத்தக் குறைபாடான தலசீமியாவின் கூறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் மாவட்டத்து அட்டப்பாடியில் பழங்குடி மக்களிடையே, அதேபோலப் பரம்பரையாக வரும் அரிவாள் செல் நோயும் உண்டு. குடும்பத்தில் யாருக்காவது அடிக்கடி மஞ்சள் காமாலையோ, இரத்தம் ஏற்றும் நிலையோ வந்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, மாடிப்படி ஏறும்போது மயக்கம் வந்தாலோ நான்கு வாரம் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.