வீட்டுப் பொழுதுபோக்கில காசு மிச்சம் பிடிக்கிறது: கேள்வி பதில்

டிஷ், அன்ரனா, டேட்டா, கரம் போட், சீட்டு எல்லாம் கேக்கலாம். விலை மட்டும் கேக்காதேங்கோ. இண்டைக்குச் சொல்லுறது அடுத்த மாசம் சரிவராது.

கோண்டாவிலில இருந்து ஒரு அக்கா: மாசச் சந்தாவை நிப்பாட்டப் போறம். சந்தா இல்லாமல் ரீவியில என்ன பாக்கலாம்?

ரெண்டு வழி இருக்கு. முதலாவது கூரை அன்ரனா. நேத்ரா, வசந்தம், சக்தி மூண்டும் சந்தா கேக்காத தமிழ் அலைவரிசைகள். ஏ9 வீதிக் கரையில நிக்கிற கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரம் 174 மீற்றர் உயரம். யாழ்ப்பாணத்தில இருந்து பாத்தா தென்கிழக்கில கிடக்கு, அந்தப் பக்கம் திருப்பித் தொடங்குங்கோ. 75 ஓம் ஆர்ஜி6 வயர் போடுங்கோ, நடுவில ஒட்டு வேண்டாம். பூஸ்ரர் வாங்கினால் அது அன்ரனாத் தடியிலதான் இருக்கவேணும். ரீவிக்குப் பின்னால வைச்சால், வயரில தேஞ்சு வந்த சிக்னலையும் இரைச்சலையும் சேத்துத்தான் பெருப்பிக்கும்.

ரெண்டாவது டிடி ஃப்ரீ டிஷ். இந்திய தூரதர்ஷனின் இலவசச் சேவை, 2004 டிசெம்பரில தொடங்கினது. ஹிந்திதான் கூட. தமிழுக்கு டிடி தமிழ் இருக்கு. பொதிகை எண்டு பாத்தது அதைத்தான், 2024 இல பேர் மாத்தினவை. நாடகம் பாக்கிற வீட்டுக்கு இது காணாது எண்டதை இப்பவே சொல்லிப்போட்டன்.

கூரையில பழைய டிஷ் கிடந்தால் புதுசு வாங்காதேங்கோ, திருப்பினால் போதும். செயற்கைக்கோள் ஜிசாட்-15, கிழக்கு 93.5 பாகை. யாழ்ப்பாணத்தில இருந்து அது வடக்கில இருந்து வலமா 125 பாகையில, தரையில இருந்து 70 பாகைக்குக் கொஞ்சம் மேல நிக்குது. ஏறக்குறைய உச்சி எண்டபடியால் பக்கத்து வளவுத் தென்னை மறைக்கிறது குறைவு. ஆனால் டிஷ்ஷை அப்பிடியே வானத்தைப் பாக்க வைச்சிடாதேங்கோ. வீடுகளில இருக்கிற ஓப்செற் டிஷ் தன்ர முகத்தை விட 25 பாகை அளவு மேலதான் பாக்கும். அப்ப முகம் 45 பாகை மட்டில நிமிந்தால் சரி.

போன் திசைகாட்டியை இரும்புத் தடிக்குப் பக்கத்தில பிடிச்சால் பிழை காட்டும். ரெண்டு மீற்றர் தள்ளி நிண்டு பாருங்கோ. ரீவியோட கொழுவிற டிஷ் பெட்டியில எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால நிக்கிற சிக்னல் வாங்கி) அமைப்பு 9750/10600 எண்டு இருக்கவேணும். ஒராள் மேல, ஒராள் ரீவிக்கு முன்னால. ஒரு பாகை அசைச்சுப்போட்டு அஞ்சு செக்கன் பொறுங்கோ, பெட்டி சிக்னலைப் பிடிக்க அவ்வளவு நேரம் எடுக்கும். கெதியா ஆட்டிற ஆக்கள்தான் நாள் முழுக்கக் கூரையில நிக்கிறது.

உப்புக் காத்து எங்கட ஊரின்ர சாபம். வயர் முனையில கிறீஸ் பூசி, றப்பர் ரேப் சுத்தி, எல்என்பிக்குக் கிட்ட வயரை ஒரு வளையமாத் தொங்க விடுங்கோ. மழைத்தண்ணி அதில சொட்டிப் போகும். ஐப்பசி இடி தொடங்கினால் வயரை ரீவியில இருந்து கழட்டவேணும். சுவிச்சை நிப்பாட்டினால் காணாது.

மானிப்பாய்: ஒருக்காக் காசு கட்டினால் ஆயுள் முழுக்க எல்லாச் சனலும் வரும் எண்டு ஒரு பெட்டி விக்கினம், வாங்கலாமோ?

வேண்டாம். அது திருட்டுச் சேவை. ஆயுள் எண்டுறது உங்கட ஆயுள் இல்லை, இணையத்தில சனல் அனுப்புற அவையின்ர சேவரின்ர ஆயுள். சேவர் நிண்டால் பெட்டி வெறும் பிளாஸ்ரிக். வீட்டு வைஃபை கடவுச்சொல்லும் அதுக்குள்ள போகுது.

சாவகச்சேரி: மார்ச் மாசத்தில ஒரு கிழமையா, முற்பகல் 11 மணி போல டிஷ் படம் உடையுது. பிறகு தானாச் சரிவருது. எல்என்பி பழுதோ?

இல்லைத் தம்பி, ஒண்டும் மாத்தாதேங்கோ. அந்த நாளுகளில சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர பின்னால வருது. செப்டெம்பர் கடைசியிலயும் வரும். சில நிமிசம்தான்.

நல்லூர்: பெரிய ரீவியால கறண்ட் பில் ஏறுதெண்டு அப்பா சண்டை.

அப்பா ரீவியை விட்டுப்போட்டுப் பெட்டியைப் பாக்கட்டும். 50 வாற்ஸ் எல்ஈடி ரீவி ஒரு நாளைக்கு 4 மணித்தியாலம் ஓடினால் 30 நாளில 6 யூனிற். டிஷ் பெட்டி 10 வாற்ஸ் இழுத்தால், றிமோட்டில நிப்பாட்டினாலும் சில பெட்டி கிட்டத்தட்ட அதேயளவு இழுக்கும், 24 மணித்தியாலமும் சேத்து 7.2 யூனிற். ரீவியை விடப் பெட்டி கூடச் செலவு! அதில 6 யூனிற் பாக்காத 20 மணித்தியாலத்தில போறது. சுவரில சுவிச்சை நிப்பாட்டுங்கோ. 60, 90 யூனிற் எல்லையில நிக்கிற வீட்டுக்கு இந்த ஆறு பெரிசு. தாண்டினால் நிலையான கட்டணமும் கூடும்.

சுன்னாகம்: ஆயுள் சந்தாப் பெட்டி எண்டு ஒண்டு…

மானிப்பாய்க்குச் சொன்னதுதான்.

உரும்பிராய்: டேட்டா 20ஆம் திகதியோட முடிஞ்சுபோகுது.

நெற்ஃபிளிக்ஸ் நடுத்தரத்தில மணித்தியாலத்துக்கு 0.7 ஜிபி மட்டும், எச்டியில 3 ஜிபி மட்டும் எடுக்கும். போன் திரையில வித்தியாசம் தெரியாது, நடுத்தரத்தில விடுங்கோ. யூரியூப்பில பாட்டு மட்டும் கேக்கிற ஆக்கள் படத்தின்ர தரத்தை 144இல வையுங்கோ. பொதியில இரவு டேட்டா தனிய இருந்தால் பதிவிறக்கத்தை அந்த நேரத்துக்கு வையுங்கோ. பழைய ஈழத்து நூல், சஞ்சிகை வாசிக்க நூலகம் இணையத்தளம் இலவசம்.

பருத்தித்துறை: பென்டிரைவில படம் ஓடுது, சத்தம் இல்லை.

ஒலி வகை டிரிஎஸ் அல்லது ஏசி3 ஆயிருக்கும், உங்கட ரீவி அதைப் படிக்காது. கணினியில படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் ஏஏசிக்கு மாத்துங்கோ, சில நிமிச வேலை. ஹார்ட்டிஸ்க் டிக் டிக் எண்டால் வேற விசயம், ரீவி யூஎஸ்பிக்கு அதைச் சுழட்டக் கறண்ட் காணாது.

கொக்குவில்: கறண்டும் டேட்டாவும் வேண்டாம். 304 சீட்டு விளையாட்டுப் பழக்கி விடுங்கோ, நாலு பேர் இருக்கிறம்.

இதுதான் கேள்வி. 7 தொடக்கம் ஆசு (ஏஸ்) வரை 32 சீட்டு. புள்ளி: ஜாக் 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, ராசா 3, ராணி 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒண்டுமில்லை. ஒரு சாதிக்கு (ஒரே குறியுள்ள எட்டுச் சீட்டு) 76, நாலுக்கும் 304. எதிரெதிர் இருக்கிற ரெண்டு பேர் ஒரு பக்கம். முதல் நாலு நாலு சீட்டுப் போட்டுக் கேள்வி (எத்தினை புள்ளி எடுப்பம் எண்டு ஏலம் கேக்கிறது), 160இல தொடங்கும். கூடக் கேட்டவர் துரும்புச் சீட்டொண்டைக் (துரும்பெண்டது மற்றச் சாதிகளை வெட்டுற சாதி) கவிழ்த்து வைப்பார். பிறகு மிச்ச நாலு.

அளவெட்டி: பிழை. வெட்டினவுடன துரும்பைத் திறக்கவேணும் எண்டதை விட்டிட்டீங்கள்.

வெட்டினவுடன இல்லை ஐயா. இறக்கின சாதி கையில இல்லாதவர் சீட்டைக் கவிழ்த்துப் போடுவார். சுற்று முடியத் துரும்பு வைச்சவர் அதை எடுத்துப் பாப்பார். துரும்பெண்டால்தான் திறக்கிறது. துரும்பில்லாட்டி அது கவிழ்ந்தபடியே போகும். இந்த மறைப்பிலதான் விளையாட்டே இருக்கு.

இணுவில்: எங்கட பக்கம் அளவெட்டி சொல்லுறமாதிரித்தான். உடனயே திறக்கிறது.

அப்ப கிளாவர் சாதி இறக்கேக்க கையில அது இல்லாதவன் சும்மா ஒரு ஏழாம் சீட்டைக் கவிழ்த்தானோ, வெட்டினானோ எண்ட சந்தேகம் எங்க? கடைசி ஆள் ஆசுச் சீட்டைப் போடுறதோ ஒளிக்கிறதோ எண்டு யோசிக்கிறது அந்தச் சந்தேகத்திலதானே.

அளவெட்டி: எட்டுச் சீட்டும் வந்தாப்பிறகும் கேள்வி கேக்கலாம். அதையும் எழுதேல்லை.

கேக்கலாம், தொகை பெரிசா இருக்கவேணும். எவ்வளவெண்டது வீட்டுக்கு வீடு வேற. சீட்டுப் பிரிக்க முதல் பேசித் தாளில எழுதுங்கோ.

தெல்லிப்பழை: பெட்டி ஒண்டு, ஒருக்காக் காசு கட்டினால்…

மானிப்பாய்!

கொக்குவில்: மூண்டு பேர்தான் வந்தால் 304 சரிவருமோ?

பக்கம் பிரியாது. கரம் போட்டை இறக்குங்கோ. மாரியில சுவரில சாத்தி வைச்சிருந்தால் பலகை வளைஞ்சிருக்கும். காயை நடுவில இருந்து மெல்லச் சுண்டிப் பாருங்கோ, கோணிப் போனால் இண்டைக்குச் சீட்டுத்தான், நாலாம் ஆளைக் கூப்பிடுங்கோ.