பழைய மென்பொருளும் புதிய விண்டோஸும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கணக்கு மென்பொருளை விண்டோஸ் 10-இல் பயன்படுத்துகிறேன். அண்மையில் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' (முழு அதிகாரத்துடன் திறப்பது) கொடுத்துத் திறந்தால், பல மாதப் பதிவுகளைக் காணோம். வழக்கம்போலத் திறந்தால் எல்லாம் இருக்கின்றன. இது வைரஸ் வேலையா?

பதில்: வைரஸ் இல்லை. ஒரே பெயரில் இரண்டு டேட்டா கோப்புகள் உங்கள் கணினியில் இருக்கின்றன. அந்தக் கால மென்பொருள்கள் 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள்ளேயே டேட்டாவையும் எழுதிவைக்கும். எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டா முதல் சாதாரணப் பயனருக்கு அங்கே எழுத அனுமதி இல்லை. பழைய 32 பிட் மென்பொருள் பிழைகாட்டி நின்றுவிடக் கூடாது என்பதற்காக, அது எழுதுவதை விண்டோஸ் சத்தமில்லாமல் வேறிடத்துக்குத் திருப்பிவிடுகிறது: யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், அதற்குள் 'வர்ச்சுவல்ஸ்டோர்'. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் இந்தத் திருப்பம் கிடையாது. பழைய அசல் கோப்பே திறக்கும்.

முதலில் மென்பொருளை மூடுங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும், எக்ஸ்புளோரரில் 'வியூ' போய் 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் செய்தால் தெரியும். இரண்டு இடத்துக் கோப்புகளையும் தனித்தனி ஃபோல்டர்களாகப் பென் டிரைவில் நகலெடுத்த பிறகே எதையும் தொடுங்கள். பெரும்பாலும் வர்ச்சுவல்ஸ்டோரில் இருப்பதுதான் உங்கள் உண்மையான கணக்கு. ஆனால் தேதியை மட்டும் நம்பாதீர்கள்: அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தபோது ஏதாவது பதிவு செய்திருந்தால், அசல் கோப்பின் தேதியும் புதிதாகிவிடும். அப்படிச் செய்த பதிவுகளைக் குறித்துவைத்து, வர்ச்சுவல்ஸ்டோர் கோப்பில் கையால் சேர்ப்பதே பாதுகாப்பு.

நிரந்தரத் தீர்வு, மென்பொருளை புரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளியே, சி டிரைவில் நேரடியாக ஒரு ஃபோல்டரில் மறுபடி நிறுவி, சரியான டேட்டாவை அங்கே வைப்பது. அங்கே சாதாரணப் பயனரும் எழுதலாம், ஆகவே அதன்பின் அதை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்காதீர்கள். இடம் மாற்ற முடியாத மென்பொருளானால், டேட்டா இருக்கும் உள் ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்: ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, எடிட், 'யூசர்ஸ்' தேர்ந்தெடுத்து 'மாடிஃபை' டிக். மென்பொருளின் முழு ஃபோல்டருக்கும் இதைக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால், உங்கள் பயனர் கணக்கில் நுழையும் எந்தத் தீநிரலும் மென்பொருளை இயக்கும் எக்ஸி கோப்பையே மாற்றிவைக்கலாம். அடுத்த முறை நீங்கள் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கும்போது முழு அதிகாரமும் அதன் கைக்குப் போய்விடும்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. இடம் மாற்றாமல் புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளேயே அனுமதி கொடுத்தால், சரியான டேட்டாவை அங்கே வைத்ததும் வர்ச்சுவல்ஸ்டோர் நகலின் பெயரை மாற்றிவிடுங்கள். அது இருக்கும்வரை மென்பொருள் அதையே முதலில் படிக்கும்.

கேள்வி: அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் மட்டும் நெட்வொர்க்கின் இசட் டிரைவ் தெரிவதில்லையே?

பதில்: அந்த டிரைவ் எழுத்தை இணைத்தது உங்கள் சாதாரண நுழைவு (லாகின்). உயர் அனுமதியில் ஓடும் நிரலுக்கு அது தனி நுழைவு, ஆகவே இசட் அங்கே இல்லை. மென்பொருளின் அமைப்பில் டிரைவ் எழுத்துக்குப் பதிலாக, இரண்டு பின்சாய்வுக் கோடுகளில் தொடங்கும் முழு நெட்வொர்க் முகவரியைக் கொடுங்கள்.

கேள்வி: விண்டோஸ் 3.1 கால நிரலுக்கு எல்லா அனுமதியும் கொடுத்தும் திறக்கவில்லை.

பதில்: அது 16 பிட் நிரல். 64 பிட் விண்டோஸில் அது ஓடவே ஓடாது. அனுமதிக்கும் இதற்கும் தொடர்பில்லை. மெய்நிகர் கணினியில் (உங்கள் கணினிக்குள்ளேயே தனிக் கணினிபோல ஓடும் மென்பொருள்) 32 பிட் விண்டோஸ் நிறுவி ஓட்டுங்கள்.