சிறிய கான்ஃபரன்ஸ் அணிகள் காலேஜ் ஃபுட்பால் ப்ளேஆஃபுக்கு எப்படித் தகுதி பெறுகின்றன?

பிள்ளையை அமெரிக்காவில் அதிகம் பேர் அறியாத ஒரு கல்லூரியில் சேர்த்துவிட்டு, "பதினொரு மேட்ச் ஜெயிச்சும் எங்களை யாரும் கண்டுக்கலைப்பா" என்ற புலம்பலைப் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றாலும் பரவாயில்லை, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் என்னால் தூங்க முடியாது. நான் சின்சினாட்டியில் படித்தவன்.

முதலில் விதி. கல்லூரி அணிகளின் அமெரிக்கன் ஃபுட்பாலில் தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசிச் சுற்றுதான் ப்ளேஆஃப், கல்லூரிகள் சேர்ந்து ஆடும் லீக்தான் கான்ஃபரன்ஸ். 2024 முதல் ப்ளேஆஃபில் 12 அணிகள். முதல் இரண்டு வருடம் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களில் ரேங்கில் முன்னால் நின்ற ஐந்து பேருக்கு நேரடி இடம், மிச்சம் ஏழு இடம் தேர்வுக்குழுவின் ரேங்க் வரிசைப்படி. எஸ்.இ.சி., பிக் டென், பிக் 12, ஏ.சி.சி. இந்த நான்கும் பெரிய வீடுகள். அமெரிக்கன், சன் பெல்ட், மவுண்டன் வெஸ்ட், மேக், கான்ஃபரன்ஸ் யூ.எஸ்.ஏ. எல்லாம் சின்னவர்கள். ஐந்தாவது இடம் பெரும்பாலும் இந்தச் சின்னவர்களின் சாம்பியன்களில் ஒருவருக்கு. 2024-ல் அது பாய்சி ஸ்டேட். 2025-ல் வேடிக்கையாக இரண்டு பேர் நுழைந்தார்கள்: டுலேன், ஜேம்ஸ் மேடிசன். காரணம், ஏ.சி.சி.யில் ஐந்து மேட்ச் தோற்ற டியூக் சாம்பியனாகிவிட, அவர்களின் ரேங்க் ஜேம்ஸ் மேடிசனுக்கும் கீழே போய்விட்டது. 2026 முதல் நான்கு பெரிய சாம்பியன்களுக்கும் எது எப்படிப் போனாலும் இடம் உறுதி. சின்னவர்களுக்கு உத்தரவாதமாக ஒரே ஒரு சீட்.

இதில் நம் ஆட்களுக்குப் புரியாத விஷயம் ஒன்று உண்டு. ஐ.பி.எல். மாதிரி பாயின்ட்ஸ் டேபிள் கிடையாது. ஒரு குழு அறைக்குள் உட்கார்ந்து "யாரைத் தோற்கடித்தாய்?" என்று கேட்கும். சின்ன கான்ஃபரன்ஸில் பெரிய அணியே இல்லாதபோது யாரைப் போய்த் தோற்கடிப்பது? வெளி அணிகளுடனான மேட்சுகள் பல வருடங்களுக்கு முன்பே பேசி முடிக்கப்படுபவை. பெரியவர்கள் நம்மோடு ஆட ஒப்புக்கொள்ள வேண்டும், அந்த வருடம் பார்த்து அவர்கள் நன்றாகவும் ஆடித்தொலைக்க வேண்டும்.

அப்போது அமெரிக்கன் கான்ஃபரன்ஸில் இருந்த எங்கள் சின்சினாட்டிக்கு 2021-ல் அது அமைந்தது. அப்போது நான்கே அணிகள், சின்னவர்களுக்கு ஒதுக்கீடு எதுவும் கிடையாது. முந்தைய வருடம் ரெகுலர் சீசனில் ஒன்றுகூடத் தோற்காமல் இருந்தும் எட்டாவது ரேங்க் கொடுத்து வெளியே நிறுத்தியிருந்தார்கள். 2021 அக்டோபரில் பெரிய அணியான நோட்டர் டேமை அவர்கள் ஊரிலேயே 24-13 என்று சாய்த்தோம். அப்புறம் நவம்பர் முதல் செவ்வாய் ராத்திரி, முதல் ரேங்க் பட்டியல். மச்சான் ஒஹாயோ ஸ்டேட்டில் படித்தவர், அவர் வீட்டு பேஸ்மென்டில்தான் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது ஒஹாயோ ஸ்டேட், ஒரு தோல்வி. ஆறாவது சின்சினாட்டி, தோல்வியே இல்லை. மச்சான் பஜ்ஜித் தட்டை என் பக்கம் தள்ளி, "சாப்பிடுங்க மாப்ளே, உங்க லீக்ல நீங்க யாரோட ஆடறீங்க சொல்லுங்க" என்றார். அக்கா வேறு சிரித்தாள்.

அந்த மாதக் கடைசியில் ஒஹாயோ ஸ்டேட் மிச்சிகனிடம் 42-27 என்று உதை வாங்கியது. நாங்கள் கான்ஃபரன்ஸ் இறுதிப்போட்டியில் ஹூஸ்டனை 35-20 என்று வென்று 13-0, நான்காவது ரேங்க். நான்கு அணி காலத்தில் உள்ளே போன ஒரே சின்ன கான்ஃபரன்ஸ் அணி நாங்கள்தான். மச்சானுக்கு நான் போன் செய்யவில்லை. செய்ய வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

உடனே கமெண்டில் "அரையிறுதியில் அலபாமாவிடம் 27-6 தோற்றீர்களே" என்று வருவார்கள், தெரியும். வாருங்கள். அதே நாள் இன்னொரு அரையிறுதியில் பிக் டென் சாம்பியன் மிச்சிகன் ஜார்ஜியாவிடம் 34-11 என்று தோற்றது. எங்களுக்கு 21 புள்ளி வித்தியாசம், அவர்களுக்கு 23. பிக் டென்னுக்கு ப்ளேஆஃபில் என்ன வேலை என்று ஒருத்தராவது கேட்டார்களா? சின்ன அணி தோற்றால் மட்டும் அதன் தகுதியே சந்தேகத்துக்கு உள்ளாகும். எல்லாச் சின்ன அணிகளும் அலபாமாவுக்குச் சமம் என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படித் திரிக்காதீர்கள்.

இப்போது சின்சினாட்டியே பிக் 12-க்குப் போய்விட்டது. 2023-ல் முதல் சீசன், 3 வெற்றி, 9 தோல்வி. கதவைத் தட்டித் திறந்தவர்கள் பலரும் இப்படிப் பெரிய வீட்டுக்குக் குடிபோய்விடுகிறார்கள். யூட்டா போனது, டி.சி.யூ. போனது. பின்னால் வருகிறவன் மறுபடி முதலிலிருந்து தட்ட வேண்டும்.



சரி, உங்கள் பிள்ளைக்கு. இந்த 12 அணி முறையில் இதுவரை சின்னவர்களில் சாம்பியன் ஆகாமல் உள்ளே போன அணி ஒன்றுகூட இல்லை. 2025-ல் நார்த் டெக்சஸ் பதினொரு மேட்ச் ஜெயித்துவிட்டு, கான்ஃபரன்ஸ் இறுதியில் டுலேனிடம் தோற்றது, கதை முடிந்தது. அதனால் நவம்பரில் தேர்வுக்குழுவின் ரேங்க் வரத் தொடங்கியதும் மேலே இருக்கும் ஜார்ஜியா, ஒஹாயோ ஸ்டேட்டையெல்லாம் பார்க்கச் சொல்லாதீர்கள். மற்ற சின்ன கான்ஃபரன்ஸ்களில் யார் முன்னால் நிற்கிறார்கள், அவர்கள் அடுத்த வாரம் யாரோடு ஆடுகிறார்கள், அதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அணி தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதில் தப்பில்லை, நாங்கள் எல்லோரும் செய்ததுதான்.