கீட்டோ என்று அச்சிட்ட பொட்டலங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 48. எடையைக் குறைக்கக் கீட்டோ உணவுமுறையைத் தொடங்க எண்ணியிருக்கிறேன். ஆனால் மாலை நேரத்தில் ஏதாவது இனிப்பு தின்னாமல் என்னால் இருக்க முடிவதில்லை. இணையக் கடை ஒன்றில் இனிப்பூட்டி, சாக்லேட் கட்டிகள், கீட்டோன் பானத்தூள், சிறுநீர்ச் சோதனைத் தாள்கள் எல்லாம் சேர்த்துத் ‘தொடக்கத் தொகுப்பு’ என்று 268 சிங்கப்பூர் வெள்ளிக்கு விற்கிறார்கள். இனிப்பு ஆசையை இது அடக்கிவிடுமாம். வாங்கலாமா? நீரிழிவுக்கு மாத்திரை உட்கொள்கிறேன். – வாசகி, ஈசூன்

பதில்: கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கும் செய்தியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. கீட்டோவில் செய்வதுபோல் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைக்கும்போது, இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும் கிளிப்பிசைட், கிளிக்ளசைட் போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கும் இரத்தச் சர்க்கரை அபாயகரமான அளவுக்கு இறங்கிவிடலாம். எம்ப்பாகிளிஃப்ளோசின், டாப்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கு வேறோர் ஆபத்து உண்டு. சர்க்கரை அளவு ஏறக்குறைய இயல்பாக இருக்கும்போதே இரத்தத்தில் அமிலம் கூடிவிடும் கீட்டோஅசிடோசிஸ் என்ற நிலை அவர்களுக்கு ஏற்படலாம். வீட்டில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவி அதைக் காட்டிக்கொடுக்காது. ஆகவே மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ செல்லுங்கள். மருந்தளவை மாற்ற வேண்டுமா என்று தெரியும்வரை, தொகுப்பை மட்டுமன்றி உணவுமுறையையும் தள்ளிவையுங்கள்.

மருத்துவர் சம்மதித்தார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த 268 வெள்ளி உங்கள் பையிலேயே இருக்கட்டும் என்பதுதான் என் கருத்து. கீட்டோ என்பது நாளொன்றுக்கான மாவுச்சத்தைப் பொதுவாக 20 முதல் 50 கிராமுக்குள் நிறுத்துவது. சமைத்த சோறு 200 கிராமில் மட்டுமே ஏறத்தாழ 55 கிராம் இருக்கிறது. சோற்றையும் சீனியையும் விட்டால்தான் உடல் கொழுப்பைக் கரைத்துக் கீட்டோன்கள் என்ற எரிபொருளை உண்டாக்கத் தொடங்கும். பானத்தூளில் வரும் கீட்டோன்கள் இரத்தத்தில் கீட்டோன் அளவை உயர்த்திக் காட்டுமே தவிர, உங்கள் உடற்கொழுப்பு கரைகிறது என்பதற்கு அது சான்றாகாது. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூரில் உடல்நலத் துணைப்பொருள்களை விற்பதற்கு முன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதலைப் பெற வேண்டிய கட்டாயம் இல்லை. அவற்றின் பாதுகாப்புக்கு விற்பவரே பொறுப்பு. எடை குறைப்புக்கென இணையத்தில் விற்கப்படும் பொருள்களில், இங்கு 2010 முதல் தடைசெய்யப்பட்டுள்ள சிபுட்ரமின் என்ற பசியடக்கும் மருந்து கலந்திருந்ததை ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது.

‘முதல் வாரத்திலேயே மூன்று கிலோ’ என்ற விளம்பரத்தையும் அளவோடு நம்புங்கள். உடல் சேமித்துவைத்துள்ள சர்க்கரையான கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்துவைத்திருக்கிறது. தொடக்க நாள்களில் எடைப்பொறி காட்டும் இறக்கத்தில் பெரும்பகுதி அந்த நீர்தான். அதனோடு உப்பும் வெளியேறுவதால்தான் தலைவலியும் சோர்வும் வருகின்றன. பலர் அந்தச் சோர்வை இனிப்புக்கான ஏக்கம் என்று எண்ணி பிஸ்கட் டின்னைத் திறந்துவிடுகிறார்கள். அப்போது ஒரு கிண்ணம் கோழி ரசம் குடித்துப் பாருங்கள். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மட்டும் உப்பைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிப்பு ஆசைக்கு வருவோம். சோற்றையும் சீனியையும் ஒரே திங்கட்கிழமையில் விட்டுவிடுவது பெரும்பாலோருக்கு ஒத்துவருவதில்லை. கீட்டோவைத் தொடங்குவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே பானங்களிலிருந்து சீனியைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். காப்பிக்கடையில் முதலில் இனிப்பு குறைந்த ‘சியூ டாய்’, பிறகு கெட்டிப்பாலும் சீனியும் இல்லாத ‘கோப்பி சி கோசோங்’, கடைசியாகப் பாலே இல்லாத ‘கோப்பி ஓ கோசோங்’ என இறங்கி வரலாம். கெட்டிப்பாலின் எடையில் பாதிக்கும் மேல் சீனிதான் என்பதால், மாலைத் தேத்தண்ணீர் ஒன்றை மாற்றுவதே பெரிய மாற்றம். மதிய உணவில் முட்டையோ மீனோ பனீரோ வயிறு நிறைய இருக்குமானால், நான்கு மணி ஏக்கத்தின் வேகம் குறையும். இனிப்பு இல்லாமல் முடியவே முடியாத நாளில், இனிப்பூட்டி கலந்த மூன்று சாக்லேட் கட்டிகளைத் தின்பதைவிட, கொக்கோ மிகுந்த கறுப்பு சாக்லேட் இரண்டு துண்டுகளை நிதானமாகத் தின்று, அதை அன்றைய கணக்கில் சேர்த்துக்கொள்வது மேல்.

வாங்க வேண்டியவை தேக்கா ஈரச்சந்தையிலும் உங்கள் வட்டாரப் பேரங்காடியிலுமே கிடைக்கின்றன. முட்டை, மீன், கோழி, தவ்வு (டோஃபு), பனீர், காலிஃபிளவர், கத்திரிக்காய், பாகற்காய், கங்கோங் கீரை, தேங்காய், நெய் ஆகியவை போதும். பாதாம் நல்லது; முந்திரியில் மாவுச்சத்து கூடுதல் என்பதால் அளவு தேவை. வெளியே சாப்பிடும்போது சோற்றைத் தவிர்த்துவிட்டால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். மீன் உருண்டையில் மாவு கலந்திருக்கும். கலவைச் சாதக் கடையின் கெட்டியான குழம்பிலும் சோளமாவு இருக்கும். சாம்பாரில் பருப்பு இருக்கிறது. ஒரே வீட்டில் ஒருவருக்குக் கீட்டோ சமைப்பதும் மற்றவர்களுக்கு இட்லி ஊற்றுவதும் இரட்டை வேலைதான். அதற்கு எந்தத் தொகுப்பிலும் மருந்தில்லை.

கேள்வி: ‘சீனி சேர்க்கப்படவில்லை’, ‘நெட் கார்ப் 2 கிராம்’ என்று உறையில் போட்டிருக்கும் பிஸ்கட்டுகளையும் சாக்லேட்டுகளையும் கீட்டோவில் தாராளமாகச் சாப்பிடலாமா? ‘பி’ தரம் பெற்ற பானங்கள் சரிதானா? – வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: உறையின் முன்பக்கம் விற்பவருடையது, பின்பக்கத்தில் இருக்கும் பொருட்பட்டியலையும் ஊட்டச்சத்து அட்டவணையையும் படியுங்கள். மால்டிட்டால் என்ற இனிப்பூட்டி பட்டியலின் முன்வரிசையில் இருந்தால் அது சீனி இல்லைதான். ஆனாலும் கிராமுக்கு ஏறத்தாழ இரண்டு கலோரி தருவதோடு இரத்தச் சர்க்கரையையும் ஓரளவு உயர்த்தும், அளவு மிஞ்சினால் வயிற்றுப்போக்கும் வரும். எரித்ரிட்டால் என்ற இன்னோர் இனிப்பூட்டி அவ்வாறு சர்க்கரையை உயர்த்துவதில்லை. மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற பெயரைக் கண்டால், அது மாவுச்சத்தேதான்.

நம் பேரங்காடிகளில் பல நாட்டுப் பொருள்கள் அருகருகே இருப்பதால் இன்னொரு குழப்பமும் உண்டு. அமெரிக்க அட்டவணையில் மொத்த மாவுச்சத்து என்பதில் நார்ச்சத்தும் அடங்கும். அதைக் கழித்து வருவதுதான் ‘நெட் கார்ப்’; அப்படிக் கழித்துப் பார்ப்பதில் தவறில்லை. பிரிட்டிஷ், ஐரோப்பிய அட்டவணைகளிலோ நார்ச்சத்து ஏற்கெனவே தனியாகப் பிரிக்கப்பட்டுவிடுகிறது. அங்கேயும் கழித்தால், உண்மையில் உண்பதைவிடக் குறைவாக உண்பதாகக் கணக்குக் காட்டும்.

நீங்கள் கேட்ட ‘பி’ என்பது, சிங்கப்பூரில் பானங்களுக்கு ‘ஏ’ முதல் ‘டி’ வரை தரப்படும் நியூட்ரி-கிரேட் தரம்; அது 2022 டிசம்பர் 30 முதல் நடப்பில் உள்ளது. அது பானங்களின் சீனியையும் நிறைவுற்ற கொழுப்பையும் வைத்துத் தரப்படுவது, கீட்டோவுக்காக வகுக்கப்பட்டதன்று. ‘பி’ தரப் பானத்தில் 100 மில்லிலிட்டருக்கு 5 கிராம் வரை சீனி இருக்கலாம் என்பதால், 330 மில்லிலிட்டர் டின் ஒன்றில் 16.5 கிராம் வரை வந்துவிடும். இனிப்பூட்டி கலந்த பானம் சீனியே இல்லாமல் இருந்தாலும் ‘ஏ’ தரம் பெறாது; எனவே ஒரே ‘பி’ எழுத்தின் கீழ் இரண்டு விதமான பானங்கள் இருக்கின்றன. எழுத்தோடு அச்சிடப்பட்டிருக்கும் சீனி விழுக்காட்டைப் பாருங்கள். எடையைக் கட்டுப்படுத்துவதற்காகச் சீனியல்லாத இனிப்பூட்டிகளை நாட வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பு 2023 மே மாதம் பரிந்துரைத்தது; ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும், எரித்ரிட்டால் போன்றவை அதில் அடங்கா என்றும் அதே ஆவணம் கூறுகிறது.

கேள்வி: கடைத்தொகுதியில் போட்டிருந்த சாவடியில் மூன்று மாதக் கீட்டோ திட்டத்துக்கு 900 வெள்ளி கட்டிவிட்டேன். நான்கு நாள்களில் மனம் மாறிவிட்டது. பணம் திரும்பக் கிடைக்குமா? – வாசகி, பொங்கோல்

பதில்: மனம் மாறியது ஒன்றே காரணமானால், சட்டப்படி பணத்தைத் திரும்பத் தர வேண்டிய கடமை விற்பவருக்கு இல்லை. சனி, ஞாயிறு, பொது விடுமுறை நீங்கலாக ஐந்து நாள்களுக்குள் ரத்து செய்யும் உரிமை, அழைக்காமலே வீடு தேடி வந்து விற்கும் நேரடி விற்பனை போன்ற சிலவகை ஒப்பந்தங்களுக்கே உண்டு. நீங்களாகச் சென்று நின்ற சாவடிக்கு அது பொருந்துவது அரிது. ஆயினும் ஒப்பந்தத்தாளில் விற்பவரே தந்திருக்கும் ரத்து விதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

‘நீரிழிவு குணமாகும்’ என்பது போன்ற பொய் வாக்குறுதி தந்திருந்தாலோ, கையெழுத்திடும்வரை நெருக்கியிருந்தாலோ, அது பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வணிக)ச் சட்டத்தின்கீழ் நியாயமற்ற வணிகமுறை ஆகலாம். விளம்பரத்தாள், பற்றுச்சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றோடு முதலில் விற்பவருக்கு எழுத்தில் முறையிடுங்கள்; பலனில்லையென்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகுங்கள். அங்கும் தீரவில்லையெனில், 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை ஏற்கும் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். உங்கள் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளி. இரு தரப்பிலும் வழக்கறிஞர் முன்னிலையாக அனுமதி இல்லை.