மூன்று பிலோஸ்

அன்புள்ள ஐயா,

கிரீஸின் மெஸ்ஸீனியா பகுதிக்கு அக்டோபரில் அம்மாவுடன் போகிறேன். கார் உண்டு, கையில் இரண்டு நாள். ஹோமரின் காவியங்களில் வரும் அரசன் நெஸ்டரின் அரண்மனை, வொய்தோகிலியா கடற்கரை, மெதோனி கோட்டை ஆகியவற்றை எந்த வரிசையில் பார்ப்பது? பிலோஸ் ஊரில் தங்குவதால் அரண்மனைக்கு நடந்தே போய்விடலாம் அல்லவா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நடந்து போக முடியாது. பிலோஸ் என்ற பெயர் மூன்று இடங்களுக்கு உரியது. நீங்கள் தங்கப்போவது 1828க்குப் பின் பிரெஞ்சுப் படையினர் வகுத்துக் கொடுத்த துறைமுக ஊர். செவ்வியல் காலத்துப் பிலோஸ், நவரீனோ வளைகுடாவின் வடமுனைக் குன்றில் இருந்தது. நெஸ்டரின் பிலோஸ் அதற்கும் வடக்கே, எங்லியானோஸ் மேட்டில். ஊரிலிருந்து காரில் சுமார் 17 கி.மீ.

முதல் நாள் காலை வொய்தோகிலியா. குதிரை லாட வடிவம் மணலில் நின்றால் பிடிபடாது, மேலே ஏற வேண்டும். தெற்கே மணல்மேட்டைத் தாண்டி நெஸ்டர் குகை வழியாகப் பழைய கோட்டைக்கு ஏறும் பாதை செங்குத்து. சரளைக்கல் காலடியில் உருளும், இறங்கும்போதுதான் அதிகம் சறுக்கும். நிழலோ தண்ணீரோ கிடையாது. மேலே இடிந்த சுவர்களும் புதர் மூடிய பழைய தொட்டிகளும் இருப்பதால் பாதையை விட்டு விலகாதீர்கள். அம்மாவுக்கு இது வேண்டாம். வடக்கு முனையில், நெஸ்டரின் மகன் திராசிமிதீஸுடையது என்று சொல்லப்படும் வட்டக் கல்லறை இருக்கிறது. அங்கே ஏற்றம் குறைவு. வளைவும் எதிரே கோட்டைக் குன்றும் சேர்ந்து தெரியும். எனக்கு அந்தக் காட்சியே கூடுதல் அழகு.

வெயில் ஏறியதும் அரண்மனைக்குப் போங்கள். மேலே கூரை உண்டு, உயர்த்திக் கட்டிய நடைபாதையில் நின்றபடி அறைகளைப் பார்க்கலாம். நடு மண்டபத்தில் சுமார் 4 மீட்டர் விட்டமுள்ள வட்ட அடுப்பு. நுழைவாயிலருகே உள்ள இரண்டு சிறிய அறைகளை விட்டுவிடாதீர்கள். தொல்லியலாளர் கார்ல் பிளேகன் 1939இல் களிமண் ஏடுகளைக் கண்டெடுத்த ஆவண அறைகள் அவை. கணக்கர்கள் ஏடுகளைச் சுடவில்லை, உலர்த்தி மட்டுமே வைத்தார்கள். சாதாரணமாக ஈரத்தில் கரைந்துபோயிருக்கும். கி.மு. 1200ஐ ஒட்டி அரண்மனை எரிந்தபோது அந்தத் தீயே அவற்றைச் சுட்டுக் கெட்டியாக்கிக் காப்பாற்றியது. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் அந்த எழுத்தைப் படித்துக் காட்டினார்: பழைய கிரேக்க மொழி! ஆட்டுக் கணக்கும் எண்ணெய்க் கணக்கும்தான், ஆனால் பிலோஸ் என்ற பெயர் அதிலேயே இருக்கிறது. சுவரோவியங்களைப் பார்க்க அருகிலுள்ள ஹோரா ஊரின் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும்.

மெதோனி இரண்டாம் நாள் காலைக்கு. மாலைக்கு ஒதுக்காதீர்கள், கோடை முடிந்தால் பிற்பகலிலேயே மூடிவிடக்கூடும், முந்தின நாளே நேரத்தை விசாரியுங்கள். கோட்டைக்குள் தெற்குக் கோடிவரை நடந்தால்தான் கடலுக்குள் நிற்கும் எண்கோணக் கோபுரமான பூர்ட்ஸி வரும். கல்பாதையில் அலை தெறித்து வழுக்கும்; தெற்குக் காற்று பலமாக இருந்தால் கரையிலிருந்தே பாருங்கள்.

அக்டோபர் 20 அங்கே அமைந்தால் நல்லது. 1827இல் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யக் கப்பல்கள் ஒட்டோமான்-எகிப்தியக் கடற்படையை நவரீனோ வளைகுடாவில் முறியடித்த நாள் அது. பிலோஸ் சதுக்கத்துத் தூணில் மூன்று தளபதிகளின் உருவமும் இருக்கிறது.